ரெண்டாந்தாரத்துக்கு ரெண்டு பூனையா?

ஏ தாயி, போன்ல நீ குசுகுசுன்னு சொன்ன சேதி விளங்கிருச்சு. ரெண்டு குட்டி கொண்டாந்துட்டே. அதைச் சொல்றதுக்கு எதுக்கு அம்புட்டு மென்னு முழுங்கினே? பொண்டாட்டி செத்த பதினாறு முடியுமுன்னே அடுத்த கல்யாணத்துக்கு நாள் பாத்துட்டு, மூத்தவ அப்பன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான் பாரு ஒருத்தன், அவன் முழி அப்படியே ஒங் குரல்ல தெரிஞ்சுச்சு. அவனாச்சும் ஒண்ணுதான் கட்டுவான். நீ ஒரே முகூர்த்தத்துல ரெண்டு.

கோவிச்சுக்காதே. நான் பஞ்சாயத்துக் கூட்ட வரல. ராசாத்தி ஒனக்கு யாருன்னு எனக்குத் தெரியும். நீ பத்தாப்பு படிக்கையில நம்ம வீட்டுக் குலுக்கைக்குப் பின்னால பொறந்தது. மஞ்சப்பையில தலையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சவுகளையெல்லாம் மொறைச்சுப் பாத்துக்கிட்டே ஒங்கூட வண்டி ஏறிச்சு. காலேஜு, வேலை, கல்யாணம்னு நீ வீடு மாத்தினப்பெல்லாம் அதுவும் மாத்துச்சு. பதினாறு வருசம். அது போச்சுன்னா அழுக வராம என்ன செய்யும்?

“ஒரு பூனைக்கா இம்புட்டு?”ன்னு ஒங்க ஆபீசுல ஒருத்தி கேட்டாளாமே. அவ கெடக்கா. சாயங்காலம் நம்ம திண்ணைக்கு ஒரு சரித்திர வாத்தியார் வருவாருல்ல, ரிட்டையர் ஆகியும் பாடம் நடத்துறதை நிறுத்தாதவரு, அவருகிட்ட ஒஞ் சேதியைச் சொன்னேன். சுமார் 2,400 வருசத்துக்கு முந்தி ஹெரோடோட்டஸ்னு ஒரு கிரேக்கத்தாரு எகிப்து வழக்கத்தையெல்லாம் எழுதி வச்சிருக்காராம். வீட்டுப் பூனை தானாச் செத்தா அந்த வீட்ல உள்ள அம்புட்டுப் பேரும் புருவத்தைச் சிரைச்சுக்குவாகளாம். நாய் செத்தா தலையும் ஒடம்பும் முழுக்க. நீ எகிப்துல பொறக்காததுல ஒண்ணும் பெருசா தப்பிச்சிரல. மாசத்துக்கு ஒருக்கா காசு குடுத்து நூலை வச்சுப் புருவத்தைப் பிடுங்கிக்கிட்டுத்தானே வர்றே. மாப்பிள்ளைதான் தப்பிச்சாரு.

இன்னொண்ணும் சொன்னாரு. சைப்ரஸ் தீவுல 9,500 வருசத்துப் பழைய குழி ஒண்ணைத் தோண்டி எடுத்து, 2004-ல அந்தச் சேதியை வெளியிட்டாக. உள்ள ஒரு ஆள். ஒரு முழம்கூடத் தள்ளாம ஒரு பூனை. எசமான் கூடப் போகட்டும்னு பூனையைக் கொன்னு வச்சிருக்கலாம்னு பேசிக்கிறாக. அந்தக் காலத்துல மனுசன் செத்தா பூனை தொலைஞ்சது. இந்தக் காலத்துல பூனை செத்தா ஏம் பேத்தி சோத்தைத் தள்ளி வைக்கிறா. காலம் நல்லாத்தான் மாறியிருக்கு, பூனைக்கு.

“நான் சரியாக் கவனிக்கல தாத்தா”ன்னு சொல்லிச் சொல்லி மூக்கை உறிஞ்சுனியே, அதை மட்டும் விட்டுரு. வயசான பூனைக்குக் கிட்னி போறது சகசம். தண்ணி கூடக் குடிக்கும், கூட ஒண்ணுக்குப் போகும், மெலியும். இதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தட்டுப்படுறதுக்குள்ள கிட்னியோட வேலையில மூணுல ரெண்டு பங்கு நின்னு போயிருக்கும்னு நம்ம ஊரு மாட்டு டாக்டரே சொல்றாரு. வலியை வெளிய காட்டாத சாதி அது. எனக்கு ஒரு கொசு கடிச்சா தெருவுக்கே தெரியும்; அதுக்குக் கொடலே வெந்தாலும் சன்னல்ல உக்காந்து காக்கா பாத்துக்கிட்டு இருக்கும். நீ என்ன அதோட வயித்துக்குள்ள பூந்தா பாக்க முடியும்?

சரி, இப்ப ஒம்மேல உள்ள வழக்குக்கு வாரேன்.

மாப்பிள்ளை போட்டோ அனுப்பியிருந்தாரு. ராசாத்தி படத்துக்குச் சந்தன மாலை, பொட்டு, முன்னால ஒரு வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்துல நெத்திலி. அந்த ரெண்டு பச்சைப் புள்ளைகளும் ஓரமா நின்னு நெத்திலியவே பாத்துக்கிட்டு இருக்குக. “சும்மா இருங்க, எங்க ராசாத்தி ஒரு நாளும் இப்படித் திருட்டுப் பார்வை பாத்ததில்ல”ன்னு நீ அதட்டினியாம். அடி ஆத்தாடி! செத்தவுகளைக் குறை சொல்லக்கூடாதும்பாக. அது மனுசனுக்குப் போட்ட சட்டம். பூனைக்கு அப்படி ஒண்ணும் எழுதி வைக்கல. அதனால நான் சொல்றேன், கேளு.

ஒரு பொங்கலுக்கு நீ அதைக் கொண்டாந்திருந்தே. ஒங்க அப்பத்தா கருவாட்டுச் சட்டியை உறியில தொங்க விட்டுட்டு, “இனி எந்தச் சிறுக்கி வந்தாலும் எட்டாது”ன்னு தெம்பா வெத்தலை போட உக்காந்தா. ஒங்க ராசாத்தி குலுக்கை மேல ஏறிச்சு. அங்கிருந்து விட்டத்துக்கு ஒரு தாவு. விட்டத்துல உக்காந்து கீழ பாத்து வாலை ஒரு பக்கம், மறு பக்கம்னு ஆட்டிச்சு, பாலத்துக்கு அளவு எடுக்கிற இஞ்சினியரே தோத்தாரு. பெறகு உறிக் கயித்தைப் பின்னங்காலால கவ்விக்கிட்டுத் தலைகீழா எறங்கி, மூடியை முன்னங்காலால நைசா ஒதுக்கி, ஒண்ணு விடாமத் தின்னுச்சு. தின்னது பெருசில்ல. தின்னு முடிச்சு எறங்கி வந்து, வாய்கூடத் தொடைக்காம, ஒங்க அப்பத்தா மடியிலேயே படுத்துச்சு பாரு. அவ வெத்தலையை மென்னுக்கிட்டே, “கருவாட்டு வாடை எங்கிருந்து வருது?”ன்னு ஊரெல்லாம் கேட்டா. நான் சொல்லல. சொல்லியிருந்தா பூனைக்கு முன்னால எனக்கு விழுந்திருக்கும்.

அது மட்டுமா? ஒங் கல்யாணத்துக்கு மறு வாரம் மாப்பிள்ளையோட தோல் பெட்டியில ஒண்ணுக்கு இருந்துச்சு. ஒரு தடவை இல்ல. அந்தப் பெட்டி பரண்ல கெடக்கு, இன்னமும் மழை நாளுக்கு மணக்குதுன்னு அவரே ஏங்கிட்டச் சொல்லிப் பொலம்பினாரு. இந்த மகராசியைத்தான் நீ இப்ப மீனாட்சியம்மன் ஆக்கி, மாலை போட்டு, ரெண்டு பச்சைப் புள்ளைக முன்னால நிப்பாட்டி, “இவளைப் பாத்துக் கத்துக்கோங்க”ன்னு சொல்றே. கத்துக்கிட்டா ஒங் கதி என்ன ஆகும்னு யோசிச்சியா?

இதுல பேரு வேற. செவலைக் குட்டிக்கு ராசாத்தின்னே பேரு வைக்கப் போறேன்னு சொன்னே. வேண்டாம். எனக்கு இதுல அனுபவம் உண்டு. எம் பேரைத்தான் ஒங்க அண்ணனுக்கு வச்சாக. சின்ன வயசுல அவன் எருமைக்கு அண்ணனா இருந்தான். ஒங்க அம்மா எம் மூஞ்சிக்கு நேரா ஒரு சொல் பேசினதில்ல, தங்கமான மருமக. ஆனா அவனை அடிக்கும்போது மட்டும் எம் பேரை முழுசா, இழுத்து, தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரிச் சொல்லி, “ஒனக்குச் சோறு ஒரு கேடா”ன்னு கேப்பா. நான் திண்ணையில உக்காந்து துண்டை ஒதறிப் போட்டுக்குவேன். ராசாத்தி பேரை வச்சேன்னா, நாளைக்கு அந்தக் குட்டி லேப்டாப்புல காப்பியைத் தட்டி விடும்போது நீ யாரைத் திட்டுவே? மாலை போட்ட படம் அங்கேயே தொங்குது.

இன்னொரு சங்கடமும் இருக்கு. செவலைப் பூனையில அஞ்சுக்கு நாலு கடுவன். குட்டியா இருக்கையில ஆணா பொண்ணான்னு கண்டுபிடிக்கிறது லேசுல்ல. டாக்டர்கிட்டத் தூக்கிக் காட்டாம நீ ராசாத்தின்னு கூப்பிட்டுப் பாவாடை தச்சுப் போட்டா, ஆறு மாசங் கழிச்சு அது மீசையை முறுக்கிக்கிட்டு ஒன்னையப் பாக்கும். மத்ததுக்கு அந்தச் சந்தேகமே இல்ல. கறுப்பு, வெள்ளை, செவப்புன்னு மூணு நிறமும் கலந்து இருந்தா அது பெட்டைதான், ஆயிரத்துல ஒண்ணு தப்பினா உண்டு.

ஒண்ணுக்கு ரெண்டாக் கொண்டாந்ததைப் பத்தி மாப்பிள்ளை கவலைப்பட்டாரு. அவருக்கு நீ சொல்லு, இது ஒண்ணுதான் நீ புத்தியோட செஞ்சது. ஒரே வயித்துல பொறந்த ரெண்டு. காய்கறிக் கடைக்காரம்மா மாடிப்படிக்குக் கீழ ரெண்டு மாசத்துக்கு மேல தாய்கிட்ட இருந்துட்டு வந்ததுக. ஒத்தைக் குட்டியா இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு அதுக்கு வெளையாட ஆள் வேணும். வீட்ல வேற யாரு இருக்கா? ஒங்க ரெண்டு பேரு கால் கட்டைவிரல்தான். ரெண்டு இருந்தா ஒண்ணையொண்ணு கடிச்சுப் பொரண்டு, “ஏய், வலிக்கு”ன்னு கத்தி, எவ்வளவு கடிக்கலாம்கிற கணக்கையும் கத்துக்கிரும்.

ஆனா சிலவு ரெட்டிப்பு. கழிக்கிறதுக்கு மண் தொட்டி மூணு வைக்கணும். பூனைக்கு ஒண்ணு, உபரியா ஒண்ணு, அதான் கணக்கு. ஒங்க ஃபிளாட்டுல மனுசருக்கு ரெண்டு, பூனைக்கு மூணு. எஞ் சின்ன வயசுல நம்ம தெரு முழுசுக்கும் ஒண்ணுகூடக் கெடையாது, கருவக்காடுதான். நல்லா இருங்க.

வந்ததுல இருந்து கட்டிலுக்கு அடியில கண்ணை மூடிக் கெடக்குதுக, எவ்வளவு சாதுன்னு நீ பூரிச்சுப் போறே. மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறைன்னு சொல்றாகள்ல, அதுல ஒரு பூனை ரெண்டு கையையும் மேல தூக்கித் தவம் பண்ணும், சுத்தி எலிக நிக்கும், பாத்திருக்கியா? அடுத்த தடவை மகாபலிபுரம் போனா ஐஸ்கிரீமை ஓரமா வச்சுட்டு அதைப் போயிப் பாரு. அப்ப தெரியும் சாதுன்னா என்னன்னு. பயத்துல பம்மியிருக்குக, அம்புட்டுத்தான். மொதல்ல ஒரே ஒரு ரூம்ல வச்சு, சோறு, தண்ணி, மண் தொட்டி எல்லாத்தையும் அங்கேயே குடுத்து, கதவைச் சாத்திரு. வெளிய இழுத்துக் கொஞ்சாதே. தரையில உக்காந்து ஒம் போனை நோண்டிக்கிட்டு இரு, அது ஒனக்குக் கைவந்த கலைதானே. அதுகளாவே வந்து மோந்து பாக்கும். ராசாத்தி போர்வையை எடுத்து ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல. அதுக்குத் தொத்து நோய் வந்து செத்திருந்தா வேற கதை. குட்டிகளுக்கு வர்ற பார்வோ மாதிரியான கிருமி வீட்டுக்குள்ள ஒரு வருசம்கூடச் சாகாமக் கெடக்கும். கிட்னி நோவு தொத்தாது.

சாப்பாட்டு விசயத்துல நீ ஒங்க அப்பத்தா பேத்தின்னு காட்டிப்புட்டே. வந்த அன்னைக்கே கிண்ணம் நெறையப் பாலு. தாய்ப்பால் குடி மறந்த பூனைக்கு மாட்டுப் பால் முக்காவாசி செரிக்காது, கழிச்சல்தான். தெனாலிராமன் பூனை பாலைப் பாத்து ஓடுனதுக்கு நாம காலங்காலமாச் சிரிக்கிறோம், கதையிலேயே புத்திசாலி அதுதான். கம்பர் தன்னைய அடக்கிச் சொல்லிக்கிடும்போது, பாற்கடலை நக்கிக் குடிச்சுத் தீத்துருவேன்னு போன பூனையோட சேத்துச் சொல்லிக்கிட்டாராம். அந்தப் பூனை நெசமாவே குடிச்சிருந்தா ராமாயணம் அன்னைக்கே நின்னிருக்கும்.

தயிர்ச்சோறு போட்டுச் சைவமா வளக்கலாம்னு மேல் வீட்டம்மா யோசனை சொன்னாகளாம். அவுக நல்லவுகதான், அவுக வீட்டுக்காரருக்குப் போடட்டும். பூனைக்கு டாரின்னு ஒரு சத்து கறியிலயும் மீன்லயும் இருந்துதான் வரணும். அது இல்லேன்னா கண்ணு போகும், இருதயம் வீங்கும். 1987-ல அமெரிக்காவுலயே டப்பாச் சாப்பாட்டுல இந்தச் சத்து கொறஞ்சு பூனைகளுக்கு இருதயம் கெட்டதைக் கண்டுபிடிச்சு, அதுக்குப் பொறவு கூடச் சேக்க ஆரம்பிச்சாக. இனிப்பும் வேண்டாம், பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. நம்ம கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாக, அதைப் பூனை மூஞ்சிக்கு நேரா நீட்டிப் பாரு, மண்ணாங்கட்டியைப் பாக்குற பார்வைதான் பாக்கும். இவ்வளவு பொல்லாத சாதிக்கு ஆண்டவன் வச்ச ஒரே தண்டனை அது.

இதுவரைக்கும் சொன்னதுல பாதி கேலி. இப்பச் சொல்லப் போறதுல கேலி கெடையாது, காதைக் குடு. காய்ச்சல்னு ஒங் கைப்பைக்குள்ள பாராசிட்டமால் வச்சிருப்பே. குட்டி சொணங்கிக் கெடக்கேன்னு அதுல அரை மாத்திரை நுணுக்கிக் குடுத்தியோ, அதுதான் எமன். அந்த மருந்தைச் செரிச்சு வெளியேத்துற தெம்பு பூனை ஈரலுக்குக் கெடையாது. வெங்காயம், பூண்டும் ஆகாது. நம்ம கறிக்கொழம்புல கொழம்பை வடிச்சுட்டுக் கறியைப் போடுறேன்கிற வேலையெல்லாம் வேண்டாம், அவிச்ச கறி தனியாப் போடு. ஆபீசுல பெறந்தநாளுக்குப் பூங்கொத்து குடுப்பாகளே, அதுல லில்லி இருந்தா வாசல்லயே யாருக்காச்சும் குடுத்துட்டு வா. அந்தப் பூவோட மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குக் கிட்னி போயிரும். ஒரு தடவை கிட்னிக்கு அழுதது போதும் ஒனக்கு. நம்ம செங்காந்தளும் வெசம்தான், அரசாங்கப் பூவுன்னு பால்கனியில நட்டு வைக்காதே.

பால்கனின்னதும் ஞாபகம் வருது. ஏழாவது மாடி. புறாவைப் பாத்தா அதுகளுக்கு மாடியும் தெரியாது, தரையும் தெரியாது. பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றித்தான் விழும்கிறது நெசம். கூடவே தாடையும் ஊணும், நெஞ்செலும்பும் ஊணும். கெட்டியான வலை அடி. அசோசியேசன்ல அழகு கெட்டுப் போகும்பாக. அவுகளைப் புறா எச்சத்தைக் கழுவச் சொல்லு.

ஊசியைத் தள்ளிப் போடாதே. எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்காத் திரும்ப, நாலு மாசம் ஆகுற வரைக்கும். மூணு மாசத்துல வெறிநோய்க்கு ஒண்ணு. வேப்பேரியில கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. அந்தக் கல்லூரி 1903-ல தொடங்கினது, ஒங்க தாத்தனுக்கும் மூத்தது. கையில பெராண்டுனா “செல்லப் பெராண்டல்”னு போட்டோ எடுத்துப் போடாம, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க வெறிநோய் ஊசி சும்மாதான் போடுறாக.

ராசாத்தியை நெனைக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. படம் இருக்கட்டும். நெத்திலியை மட்டும் எடுத்துரு. செத்தது தின்னாது, இருக்கிறதுகளுக்கு நாக்கு ஊறுது. சாயங்காலம் வேலை முடிஞ்சு கதவைத் தெறக்கையில ஒங் கண்ணு மொதல்ல அந்தப் பழைய சன்னலுக்குத்தான் போகும். போகட்டும். அதே நேரத்துல ஒண்ணு ஒங் கால்ல இடிச்சுக்கிட்டு நிக்கும், இன்னொண்ணு ஒஞ் செருப்பைக் கடிக்கும். சன்னலைப் பாத்துக்கிட்டே செருப்பைக் காப்பாத்து. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யலாம், தப்பில்ல. ஆறு மாசம் போகட்டும், இந்த ரெண்டு மேலயும் ஏங்கிட்ட ஒரு குத்தப் பத்திரிகை வாசிப்பே. அதுல பாதி ராசாத்தி செஞ்சதாத்தான் இருக்கும். நான் எடுத்துக் குடுக்கிறேன்.

கடைசியா ஒண்ணு. செவலை கடுவனா இருந்துச்சுன்னா, கடுவனும் பெட்டையும் ஒரே வீட்ல. “அண்ணன் தங்கச்சி தாத்தா, அப்படியெல்லாம் நடக்காது”ன்னு சொல்லி மாப்பிள்ளையச் சிரிக்க வைக்காதே. பூனைக்கு மொறை தெரியாது. நாலு மாசத்துலயே சினைப்பட்டுரும் சிலது. ரெண்டு மாசம் செமந்தா மூணு நாலு குட்டி, அதுகளுக்கும் நாலு மாசம் ஆகும், நீயே கணக்குப் போட்டுக்கோ. ஒங்க ஃபிளாட்டு வாடகை ரெண்டு படுக்கையறைக்குத்தான். அதனால டாக்டர்கிட்ட நாள் குறிச்சு, ரெண்டுக்கும் காலாகாலத்துல ஆபரேசன் பண்ணிரு. அதை விட்டுட்டு, அஞ்சாறு குட்டியைக் கூடையில போட்டு, “தாத்தா, ஊர்ல எடம் நெறைய இருக்கே”ன்னு நம்ம வாசல்ல வந்து நின்னேன்னா, ஒண்ணைக்கூட உள்ள விட மாட்டேன், சொல்லிட்டேன். மூணு நிறத்துல ஒண்ணு இருந்தா மட்டும் மொதல்ல எனக்குப் போன் போடு.